கழுத்தைத் தொட்டுப் பார்க்காத டாக்டர்

1/
இது கொஞ்சம் நீளமான இழை. கழுத்து வலி இருக்கிறவங்க, வீட்டில் யாருக்காவது இருக்கிறவங்க, பொறுமையாப் படிங்க. நான் பண்ணின ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மறுநாள் என் கிளினிக்குக்கு இரண்டு வகைக் கூட்டம் வரும். ஒண்ணு, 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, பாதம் கொப்பளிச்சு வர்றவங்க. இன்னொண்ணு, கிரிவலமே போகாதவங்க. நடக்க வந்தவங்களுக்காக ராத்திரி பூரா பூ கட்டினவங்க, தோசை ஊத்தினவங்க, ஆட்டோ ஓட்டினவங்க. முதல் கூட்டத்துக்குக் கால் வலி நாலு நாளில் போயிடும். இரண்டாவது கூட்டத்துக்குக் கழுத்து வலி அடுத்த பௌர்ணமி வரைக்கும் கூடவே இருக்கும்.

2/
அந்த இரண்டாவது கூட்டத்தில் ஒருத்தர் இந்த அம்மா. வயது ஐம்பதை நெருங்குது. கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில் பூக்கடை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

ஒரு நாள் மஞ்சப்பை ஒன்றைத் தூக்கிக்கிட்டு வந்தார். உள்ளே ஒரு கழுத்துப் பட்டை, ஒரு எம்.ஆர்.ஐ. ஃபிலிம், காலியான மாத்திரை அட்டைகள் ஒரு கட்டு. உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்:

"சார், கழுத்தெலும்பு தேஞ்சு போச்சாம். ஜவ்வு பிதுங்கிடுச்சாம். இனிமே பூ கட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்குது. நான் கட்டலன்னா யாரு சார் கட்டுவாங்க?"

3/
மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே வலி மாத்திரை. எப்போதிலிருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதான் சார். அந்தச் சீட்டைக் காட்டித்தான் மெடிக்கல்ல வாங்கிக்கினு இருக்கேன். ஏழெட்டு மாசம் ஆவுது."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. ஐந்து நாளைக்கு எழுதியிருந்தேன். இரண்டு முறை வந்திருக்கார், இரண்டு முறையும் நான்தான் பார்த்திருக்கேன். வலி மாத்திரை, வாயு மாத்திரை, கழுத்துப் பட்டை. வெளியே நாற்பது பேர் காத்திருந்த நாளாக இருந்திருக்கும். ஆளுக்கு மூணு நிமிஷம். அவர் கழுத்தை நான் தொட்டுக்கூடப் பார்க்கலை. பார்த்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். சீட்டில் ஒரு வரியாவது எழுதியிருப்பேன்.

4/
ரத்த அழுத்தம் பார்த்தால் 170/100. முன்பு இருந்ததில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.9. அவர் வயதுப் பெண்ணுக்கு 1.1-க்குள் இருக்கணும்.

இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள், உடம்பில் வலியை உண்டாக்கும் சில ரசாயனங்கள் உருவாவதைத் தடுக்குது. ஆனா அதே ரசாயனங்கள்தான் கிட்னிக்குப் போற ரத்தக் குழாயைத் திறந்தும் வெச்சிருக்கு. உடம்பில் தண்ணீர் குறைவா இருக்கும்போது இந்த மாத்திரையைப் போட்டால் அந்தக் குழாய் சுருங்கும். கிட்னிக்கு ரத்தம் குறையும். சில நாளைக்குன்னா உடம்பு சமாளிக்கும். மாதக்கணக்கில்னா சமாளிக்க முடியாம போகலாம். ரத்த அழுத்தமும் ஏறும்.

இந்த அம்மா தண்ணீர் குடிக்கிறதே இல்லை. ஏம்மான்னு கேட்டேன். "கடை பக்கத்துல பாத்ரூம் இல்ல சார். தண்ணி குடிச்சா எங்க போறது?" இந்தக் கேள்விக்கு என் மருத்துவப் புத்தகத்தில் பதில் கிடையாது.

5/
மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினோம். சரி, வலிக்கு என்ன பண்றது? எம்.ஆர்.ஐ. என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். இதைத்தான் அவருக்கு யாரோ "எலும்பு தேஞ்சு போச்சு"ன்னு சொல்லியிருக்காங்க.

ஜப்பானில் ஒரு ஆய்வு செய்தாங்க. 2015-ல் வெளியாச்சு. கழுத்து வலியே இல்லாத, நல்லா இருக்கிற 1211 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. அதில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரங்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு.

திரும்பப் படிங்க. வலி இல்லாதவங்களுக்கு இது. நரை முடி, முகச் சுருக்கம் மாதிரி டிஸ்க்கிலும் வயசு தெரியும். ஃபிலிமில் ஒண்ணு தெரியுதுங்கறதாலேயே வலிக்கு அதுதான் காரணம்னு சொல்லிட முடியாது.

6/
அப்போ வலி எங்கிருந்து வருது?

பெரும்பாலான நாள்பட்ட கழுத்து வலியில் தசைக்கு ஒரு பங்கு உண்டு. நம்ம தலை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ எடை. தோளுக்கு நேர் மேலே நின்றால் அந்த எடையைப் பெரும்பாலும் எலும்பு தாங்கிக்கும். முன்னால் சாய்ந்தால் பின்கழுத்துத் தசைகள் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கணும்.

நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் வரும் சுமை சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ. 60 டிகிரியில் 27 கிலோ.

இது கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்குதான். மனுஷக் கழுத்தில் மீட்டர் வெச்சு அளந்தது இல்லை. குனிஞ்சா கழுத்து உடைஞ்சு போகும்னும் அர்த்தம் இல்லை. நம்ம ஊரில் தலையில் புல்லுக்கட்டு சுமந்தே வாழ்ந்த பாட்டிகள் இருக்காங்க. குனியறதால மட்டும் பிரச்னை வர்றதில்லை. குனிஞ்ச நிலையிலேயே மணிக்கணக்கில் அசையாம இருந்தாத்தான் தசை திணறும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு நிமிஷம் கையை நீட்டித் தூக்கிப் பிடிங்க. ஒண்ணும் ஆகாது. அரை மணி நேரம் பிடிச்சுப் பாருங்க, தெரியும்.

7/
மறுநாள் அந்த அம்மாவைப் பூக்கூடையோடு வரச் சொன்னேன். கூட வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட்டையும் உட்கார வெச்சேன். கிளினிக் தரையில் பாய் விரித்து, "கடையில எப்படி உட்காருவீங்களோ அப்படியே உட்கார்ந்து கட்டுங்கம்மா"ன்னு சொன்னோம்.

முதலில் சிரிச்சார். அப்புறம் கட்ட ஆரம்பிச்சார். நாங்க பேசாம கால் மணி நேரம் பார்த்தோம்.

கூடை தரையில், இடது பக்கம். ஒவ்வொரு பூவுக்கும் கண் கீழே இடது பக்கம் போகுது. வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடிக்கும்போது முதுகு வில்லாக வளையுது. தாடை முன்னால் நீளுது. முடிச்சை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் வலது தோள் காதை நோக்கி ஏறுது. ஏறின தோள் கீழே இறங்கவே இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட.

எம்.ஆர்.ஐ.க்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணியிருந்தார். இதைப் பார்க்க ஒரு பாய் போதுமாக இருந்தது.

8/
அடுத்து நிற்க வெச்சுப் பார்த்தோம். உடல் நிலையை அளக்க இரண்டு சுலபமான வழிகள் இருக்கு.

ஒண்ணு, போட்டோ. பக்கவாட்டில் நின்று எடுக்கணும். கழுத்தின் அடியில், பின்னால் ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும். அது ஏழாவது கழுத்தெலும்பு. அதிலிருந்து காது வரைக்கும் ஒரு கோடு, தரைக்கு இணையா இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் 50 டிகிரிக்கு நல்லாவே கீழே இருந்தால், தலை முன்னால் வந்திருக்குன்னு எடுத்துக்குவோம். இந்த அம்மாவுக்கு 41.

இன்னொண்ணு, சுவர். குதிகால், இடுப்பு, முதுகு மூணும் சுவரில் பட நில்லுங்க. தாடையைத் தூக்காமல் பின்னந்தலை சுவரைத் தொடுதா? அவருக்கு நாலு விரல் இடைவெளி இருந்தது.

ஆனா ஒண்ணு சொல்லணும். கோணம் குறைவா இருந்தும் வலியே இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால இந்த அளவை மட்டும் வெச்சு நோயைத் தீர்மானிக்க முடியாது. எந்தத் தசை அதிகமா உழைக்குதுன்னு தேட ஒரு துப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

9/
பிறகுதான் கை வெச்சோம்.

தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிச்சுப் பாருங்க. அது டிரபீசியஸ். சாதாரணமா மாவு பிசைந்த மாதிரி இருக்கணும். அவருக்கு உள்ளே முறுக்கின கயிறு மாதிரி ஒரு பட்டை. அதில் ஒரு இடத்தில் பட்டாணி சைசில் முடிச்சு. பிசியோதெரபிஸ்ட் அதை அழுத்தினதும் அந்த அம்மா துள்ளிட்டார்.

"இதான் சார்! இங்க அழுத்துனா நெத்திப் பொட்டுல வலிக்குது. ராத்திரி வர்ற தலைவலி இதேதான்!"

தலைவலிக்குன்னு கண் டாக்டர்கிட்ட போய்க் கண்ணாடி மாத்தியிருக்கார். தலைவலியோட வேர் தோளில் இருந்திருக்கு.

10/
இப்படி ஓர் இடத்தை அழுத்தினால் வேறோர் இடத்தில் வலிக்கிறதை வரைபடமாகவே போட்டுவைத்தவர் ஜேனட் டிராவல் என்கிற அமெரிக்க டாக்டர். ஜனாதிபதி கென்னடியின் முதுகு வலிக்கு வைத்தியம் பார்த்து, வெள்ளை மாளிகை மருத்துவரானவர். டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1983-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். டிரபீசியஸ் முடிச்சு வலி கழுத்து வழியா ஏறி நெற்றிப்பொட்டுக்குப் போகும்ங்கற படம் அதில் இருக்கு.

இந்த முடிச்சுக்குள்ளே உண்மையில் என்னதான் நடக்குதுன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கு. தசை நார் சுருங்கி மாட்டிக்குதுன்னு ஒரு கட்சி. நரம்பு மண்டலம் அந்த இடத்தைக் கூடுதலா உணருதுன்னு இன்னொரு கட்சி. ஆனா நோயாளி படுற வலியை விரலால் அழுத்தித் திரும்பக் கொண்டுவர முடியுதுங்கறது முக்கியமான தகவல். விரல் வைக்காத டாக்டருக்கு அது கிடைக்காது. எனக்குக் கிடைக்கலை.

11/
வைத்தியம் என்ன பண்ணினோம்?

முடிச்சின் மேல் விரலால் மெதுவா அழுத்தணும். பத்துக்கு ஆறு, "வலிக்குது, ஆனா தாங்கிக்கலாம்"ங்கற அளவு. 30 முதல் 60 விநாடி. மூச்சை நீளமா விடச் சொல்லணும். விரலுக்கடியில் தசை இளகுவது தெரியும். அப்புறம் தலையை எதிர்ப்பக்கம் சாய்ச்சு மெதுவா நீட்டுவது. டிரபீசியஸ், தோள்பட்டை எலும்பைத் தூக்கும் லெவேட்டர் ஸ்கேபுலே, பின்னந்தலைக்குக் கீழே உள்ள சின்னத் தசைகள். இவ்வளவுதான் இடம். மொத்தம் இருபது நிமிஷம். வாரம் இரண்டு முறை, மூணு வாரம்.

கை வைத்தியம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம்னு ஒரு பிரிவே இருக்கு. அலோபதி படிச்ச நாங்கதான் கையைக் கட்டிக்கிட்டு ஃபிலிமைப் பார்க்கப் பழகிட்டோம்.

முதல் நாள் முடிஞ்சதும் அந்த அம்மா கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா நாலு டாக்டருங்கள பாத்துட்டேன். இன்னிக்குத்தான் கழுத்த தொட்டுப் பாத்தாங்க." பிசியோதெரபிஸ்ட்கிட்டதான் சொன்னார். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். பக்கத்தில்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

12/
கதை இங்கே முடியலை. மூணாவது நாள் ஃபோன். "சார், திரும்ப வந்துடுச்சு."

வரத்தான் செய்யும். கையால் கிடைக்கிற நிவாரணம் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். அதே பாய், அதே கூடை, அதே எட்டு மணி நேரம்னா தசை பழைய இடத்துக்கே போகும். வாரா வாரம் அமுக்கி விட்டுக்கிட்டே இருந்தால் எனக்கு ஃபீஸ் வரும், அவருக்கு வலி போகாது. வலி குறைஞ்சிருக்கிற அந்த இரண்டு நாளில் வேலை செய்யும் விதத்தை மாத்தணும், தசையைப் பலப்படுத்தணும். கை வைத்தியம் வாங்கித் தர்றது அந்த இரண்டு நாள் அவகாசத்தைத்தான்.

13/
கடையில் மாத்தினது மூணே விஷயம்.

முதலாவது, உட்காரும் இடம். தரைக்குப் பதில் ஒரு முக்காலி. கூடையைக் கவிழ்த்த பழக்கூடை மேல் வெச்சோம். பூ மடி உயரத்துக்கு வந்துடுச்சு. நாரைக் கால்விரலுக்குப் பதிலா எதிரில் ஒரு ஆணியில் மாட்டினார். கழுத்து அவ்வளவு குனிய வேண்டியதில்லை.

இரண்டாவது, இடைவெளி. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கன்னு சொன்னேன். "கடிகாரம் யாரு சார் பாக்கறது?"ன்னு கேட்டார். அவரே ஒரு வழியும் சொன்னார். பத்து முழம் கட்டினதும் எழுந்திருக்கிறது. அவர் கைவேகத்துக்கு அது ஏறக்குறைய அரை மணி. எழுந்து, தோளை நாலு சுற்று சுற்றி, ஒரு வாய் தண்ணி. அலாரம் வேண்டாம், ஆப் வேண்டாம்.

மூன்றாவது, பாத்ரூம். நாலு கடை தள்ளி இருக்கும் ஒரு ஹோட்டல்காரரிடம் அவர் மகள் போய்ப் பேசினா. "வந்து போங்கம்மா"ன்னு சொல்லிட்டார். அந்தப் பொண்ணு பண்ணினது நான் எழுதின எந்த மருந்தைவிடவும் அவங்க அம்மா கிட்னிக்கு நல்லது.

14/
உடற்பயிற்சி. இதை நீங்களும் செய்யலாம்.

ஒண்ணு: நேராக உட்கார்ந்து, தாடையைத் தூக்காமலும் குனியாமலும் அப்படியே பின்னால் இழுங்க. இரட்டைத் தாடை வரணும். ஐந்து விநாடி. பத்து தடவை.

இரண்டு: இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்று சேர்க்கிற மாதிரி இழுத்து, ஐந்து விநாடி பிடிச்சு விடுங்க. பத்து தடவை.

மூணு: இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். முழங்கையை லேசா மடக்கி, தோள் உயரம் வரைக்கும் பக்கவாட்டில் தூக்கி இறக்குங்க. இரண்டு நிமிஷம். முடியாட்டி ஒரு நிமிஷத்தில் ஆரம்பிச்சுக் கூட்டுங்க.

இரண்டு நிமிஷத்தில் என்ன ஆகிடப்போகுதுன்னு நினைக்காதீங்க. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் ஆபீஸ் ஊழியர்கள் 198 பேரை வெச்சு ஒரு ஆய்வு. 2011-ல் வந்தது. ரப்பர் பட்டையை இழுத்து இதே மாதிரி கையைத் தூக்கும் பயிற்சி. ஒரு குழுவுக்குத் தினம் 2 நிமிஷம், இன்னொரு குழுவுக்கு 12 நிமிஷம், மூணாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. பத்து வாரம் கழிச்சுப் பார்த்தால், பயிற்சி செய்த இரண்டு குழுவுக்கும் வலி நல்லா குறைஞ்சிருந்தது.

15/
"டாக்டர், எது சரியான போஸ்ச்சர்?" எல்லாரும் கேட்கிற கேள்வி.

ராணுவ வீரர் மாதிரி விறைப்பா உட்காருங்கன்னு சொல்ல மாட்டேன். அதுவும் அசையாம இருக்கிறதுதானே. நேரா உட்காருங்க, கொஞ்ச நேரம் சாய்ஞ்சுக்குங்க, எழுந்து நில்லுங்க, திரும்ப உட்காருங்க. மாத்திக்கிட்டே இருங்க. ஃபோன் பார்க்கும்போது கையைக் கொஞ்சம் தூக்குங்க, தலையைக் கொஞ்சமாக் குனியுங்க. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் லேப்டாப்பில் வேலை பார்க்கிறவங்களும் அந்த அம்மா மாதிரி ஒரு "பத்து முழம்" கண்டுபிடிச்சுக்குங்க. ஒரு பாடம் முடிஞ்சா, ஒரு மீட்டிங் முடிஞ்சா, ஒரு பாட்டு முடிஞ்சா.

16/
இப்போ இதுக்கு நேர் எதிரான ஒரு கதை. இதைச் சொல்லாம விட்டால் இந்த இழை ஆபத்தானதா ஆகிடும்.

அந்த அம்மா குணமான கதை பரவி, கழுத்து வலின்னாலே "அமுக்கி விடுங்க சார்"னு வர ஆரம்பிச்சாங்க. ஆரணிப் பக்கமிருந்து ஒரு பட்டு நெசவாளர் வந்தார். அறுபதை நெருங்குற வயது. நாற்பது வருஷமா குழித்தறி. பெரிசா வலிகூட இல்லை. கழுத்து பிடிச்சிருக்கு, அமுக்கினால் போதும்னார்.

வேலை எப்படிப் போகுதுங்கய்யான்னு கேட்டேன். "முன்ன மாதிரி இல்ல. இழை அறுந்தா முடிச்சுப் போட வரமாட்டேங்குது. கால் மிதியும் தடுமாறுது. வயசாயிடுச்சு இல்ல?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. நாற்பது வருஷம் போட்ட முடிச்சு வயசானதால மறந்து போகாது.

17/
கையை மூடித் திறக்கச் சொன்னேன், எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. பத்து விநாடியில் இருபது தடவையாவது வரணும். அவருக்கு பதினொண்ணு. நடுவிரல் நுனியைச் சுண்டினால் கட்டைவிரல் தானா மடங்குச்சு. நடக்கும்போது காலை அகட்டி வெச்சார். முழங்காலைத் தட்டினால் கால் எகிறுச்சு.

இது தசை இல்லை. கழுத்துக்குள்ளே தண்டுவடம் நசுங்குது. இவருக்கு எம்.ஆர்.ஐ. கட்டாயம், அதுவும் உடனே. கழுத்தில் கை வைக்கவே கூடாது. எடுத்துப் பார்த்ததில் அதேதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. கை முழுசா பழைய நிலைக்கு வரலை. ஆனா நடை மேலும் கெடாம நின்னுடுச்சு.

பூக்கட்டும் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லாம எடுத்தாங்க. இவருக்கு இன்னும் ஆறு மாசம் முன்னாடியே எடுத்திருக்கணும். கேட்டு, பார்த்து, தொட்டால்தான் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

18/
இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. கழுத்து வலியோடு கீழே உள்ளதில் ஒண்ணு இருந்தாலும் மசாஜ் வேண்டாம், டாக்டரைப் பாருங்க.

• சட்டைப் பட்டன் போட, எழுத, காசு எண்ண விரல் தடுமாறுது
• நடை தள்ளாடுது
• சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை
• கையில் பலம் குறைஞ்சுக்கிட்டே போகுது
• காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூங்க விடாத வலி. நம்ம நாட்டில் முதுகெலும்பு டிபியை மறக்கக் கூடாது
• கீழே விழுந்த பிறகோ, வண்டியில் அடிபட்ட பிறகோ வந்த வலி
• முடக்குவாதம், புற்றுநோய் ஏற்கெனவே இருக்கு
• திடீர்னு வந்த கடுமையான தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், தலைச்சுற்றல்
• கழுத்து, தாடை, இடது கை வலியோடு வியர்வை, நெஞ்சில் பாரம்

கடைசி இரண்டும் ஆம்புலன்ஸ் விஷயம். 108-ஐக் கூப்பிடுங்க. மாரடைப்பு சில பேருக்குத் தாடை, கழுத்து வலியாகத்தான் வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கூடுதல் கவனம் வேணும்.

19/
இன்னொண்ணு. முடிவெட்டி முடிச்சதும் சலூனில் தலையைப் பிடிச்சு "டக்"னு திருப்பி நெட்டி முறிக்கிறது. சுகமாத்தான் இருக்கும், நானும் ஒரு காலத்தில் அனுபவிச்சவன். இப்போ வேண்டாம்னு சொல்றேன்.

மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறுது. வேகமா முறுக்கும்போது அபூர்வமா அதன் உள்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வரலாம். 1993-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்ச்சு முடி அலசின பிறகு மூளை பாதிப்பு வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினாங்க. ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட வராது. ஆனா வந்தால் வாழ்க்கை மாறிடும். சத்தம் வர வைக்கிறது வைத்தியம் இல்லை. மெதுவா அழுத்துவதுதான் வைத்தியம்.

20/
வீட்டிலேயே செய்ய ஒரு வழி. மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு மட்டும்.

பழைய டென்னிஸ் பந்து ஒண்ணு எடுத்துக்குங்க. சுவரில் முதுகைச் சாய்ச்சு நின்று, தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் தசை மேல் பந்தை வைங்க. எலும்பு மேல் வேண்டாம். கழுத்தின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ வேண்டவே வேண்டாம். வலிக்கிற இடம் கிடைச்சதும் அரை நிமிஷம் அப்படியே சாய்ஞ்சு நில்லுங்க. அதற்கு முன்னாடி வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிஷம். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போடாதீங்க, தசை சோம்பேறியாகிடும். வலி மாத்திரை தேவைப்பட்டால் எத்தனை நாளைக்குன்னு கேட்டு, அத்தனை நாள் மட்டும். பழைய சீட்டைக் காட்டி வாங்காதீங்க. எழுதிக் கொடுக்கிற டாக்டர் நண்பர்களே, "ஐந்து நாள் மட்டும், பிறகு நிறுத்தணும்"னு வாயால் சொல்லுங்க. நான் சொல்லலை.

21/
அந்த அம்மா இப்போ எப்படி இருக்கார்?

வலி பூஜ்யம் ஆகலை. பத்துக்கு எட்டாக இருந்தது இரண்டு, மூணுக்கு வந்திருக்கு. பௌர்ணமி நாட்களில் ஏறும், இரண்டு நாளில் இறங்கும். கிரியாட்டினின் 1.3 வரை இறங்கி அங்கேயே நிக்குது. அது முழுசா இறங்குமான்னு தெரியலை. ரத்த அழுத்த மாத்திரை தொடருது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வரும். கடை நடக்குது. பொண்ணு கடைசி வருஷத்துக்கு வந்துட்டா. டிஸ்க் பிதுங்கினது பிதுங்கினபடியேதான் இருக்கும். அதைப் பத்தி அவர் இப்போ பேசுறதே இல்லை.

போன கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் ஒரு முழம் மல்லி கொண்டுவந்து கொடுத்தார். தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு 2,668 அடி மலை உச்சியில் கொப்பரையைப் பார்க்க ஊரே தலையை அண்ணாந்து நிக்கும். அவர் இரண்டு வருஷமா நிமிர முடியாம, அரோகரா சத்தத்தைக் கேட்டுத்தான் தீபம் ஏத்திட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாராம். "இந்த வருஷம் பாத்துட்டேன் சார்"னார்.

22/
கடைசியா ஒரு வேண்டுகோள். கழுத்து வலின்னு டாக்டர்கிட்ட போனால், ஸ்கேன் எடுக்கணுமான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "சார், ஒரு தடவை தொட்டுப் பாருங்க. நான் எப்படி உட்கார்ந்து வேலை செய்றேன்னு காட்டட்டுமா?"ன்னு கேளுங்க. எந்த டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டால் வேற டாக்டரைப் பாருங்க.

உங்க தெருவில் பூ கட்டுறவங்க, தையல் மெஷினில் உட்கார்றவங்க, தறியில் இருக்கிறவங்க இதைப் படிக்க வாய்ப்பில்லாம இருக்கலாம். நீங்க படிச்சுச் சொல்லுங்க. அந்த "பத்து முழம்" விஷயத்தை மட்டும் சொன்னாலும் போதும்.

இப்போ எழுந்து தோளை நாலு சுற்று சுத்திட்டு, ஒரு டம்ளர் தண்ணி குடிங்க.